கொடிமரத்தாரும் தலைகீழ்க் கொடியும்

நான் ஒரு பொய்க் கடிதம் எழுதினேன். அதை நம்பி, அறுபதை நெருங்கிய ஒரு கணவரும் அவர் மனைவியும் இரண்டு டின் முறுக்கோடு பட்டாளத்து முகாமின் வாசலில் போய் நின்றார்கள். அங்கே அவர்கள் அவமானப்பட வேண்டும் என்பதற்காகவே எழுதினேன். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. நிதானமாக உட்கார்ந்து, மூன்று முறை திருத்தி, தட்டச்சு செய்து அனுப்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி மற்றதைப் படித்து நீங்கள் சிரிக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

வாயைத் திறக்காமலேயே ஒரு சந்து முழுவதையும் ஆண்ட மனிதர் பினாங்குத் தீவில் ஒருவர்தான் இருந்தார். அவரைக் கொடிமரத்தார் என்போம். உண்மைப் பெயர் அவருடைய பென்ஷன் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியும். துறைமுகக் கோட்டையில் இருந்த கொடிமரத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கப்பல் தூரத்தில் தெரியும்போதே அது யாருடையது, என்ன சரக்கு, உள்ளே யாருக்காவது வைசூரியா என்பதெல்லாம் அதன் கொடிகளைப் பார்த்துச் சொல்லிவிடுவார். கரையிலிருந்து பதில் கொடி ஏற்றுவதும் அவர் வேலை. முப்பது வருடம் கப்பல்களோடு இப்படிப் பேசிப் பழகியவருக்கு, மனிதர்களோடு வாயால் பேசுவது கொஞ்சம் மட்டமான காரியமாகப் பட்டிருக்க வேண்டும்.

பென்ஷன் வாங்கிய அன்று, கிழிந்து கழித்துப் போட்டிருந்த பழைய கொடிகளை ஒரு மூட்டையாகக் கேட்டு வாங்கி வந்தார். சுங்கை பினாங் ஆற்றோரம் எங்கள் சந்தில், தம்முடைய தகரக்கூரை வீட்டு முன்னால், முப்பதடி நிபோங் பனையை நட்டுக் கயிறு கட்டினார். மறுநாளிலிருந்து சந்தின் வாழ்க்கையே மாறிப்போயிற்று.

சிவப்புக் கொடி ஏறினால் கப்பலில் வெடிமருந்து இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் சந்தில் அதற்கு, கொடிமரத்தம்மா கோபமாக இருக்கிறார், யாரும் கதவைத் தட்டவேண்டாம் என்று அர்த்தம். மஞ்சள் ஏறினால் வீட்டில் காய்ச்சல். நீலத்தின் நடுவில் வெள்ளைச் சதுரம் போட்ட கொடி, கப்பல் புறப்படத் தயார் என்பதற்கு. அது ஏறினால் பால்காரர் அன்று அந்த வீட்டுக்குப் போகமாட்டார். வெள்ளையும் சிவப்பும் பாதிப்பாதியாக இருக்கும் கொடி, வழிகாட்டும் மாலுமி கப்பலில் ஏறிவிட்டார் என்பதற்கு. நிபோங் திபால் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த மருமகன் வந்து இறங்கினால் அதுதான் பறக்கும்.

அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. சண்டை வந்தால் இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. அவர் சிவப்பை ஏற்றுவார். அம்மாள் அடுப்படியிலிருந்து வந்து, அதைச் சரசரவென்று இறக்கிவிட்டு, மஞ்சளை ஏற்றுவார். வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சரியில்லை, இன்று அடுப்பு எரியாது என்று பொருள். சாயங்காலத்துக்குள் கொடிமரத்தார் எங்கள் வீட்டு வாசலில் வந்து, "தம்பி, ரொட்டி கிட்டி இருக்கா?" என்று மெதுவாகக் கேட்பார்.

அவருடைய மூட்டையில் எனக்குப் பிடித்த கொடி ஒன்று உண்டு. சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் நீளமான கூர்க்கொடி. பதில் சொல்வதற்கென்றே இருப்பது. எதிராளி காட்டும் கொடி கண்ணில் பட்டதும் அதைப் பாதி மரம்வரை ஏற்றவேண்டும். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். அதன் பொருள் விளங்கிய பிறகு உச்சிவரை ஏற்றவேண்டும். புரிந்துகொண்டேன் என்று அர்த்தம். சோறு தயார் என்று அம்மாள் ஜன்னலில் வெள்ளைத் துணியை ஆட்டினால், கொடிமரத்தார் முதலில் அதைப் பாதிக்கு ஏற்றுவார். காற்றை முகர்ந்து என்ன குழம்பு என்று கண்டுபிடித்த பிறகுதான் உச்சிக்கு ஏற்றுவார்.

"பாக்குறதுக்கும் புரியறதுக்கும் நடுவுல பாதி மரம் இருக்கு, தம்பி" என்பார். "இந்த ஊருல முக்காவாசிப் பேரு பாதியிலேயே நின்னுடறான்."

அந்தப் பாதி மரத்தில் நிற்பவர்களில் நானும் ஒருவன் என்று அவருக்கு ஆரம்பத்திலிருந்தே எண்ணம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி. ஆங்கிலம் தெரியும், தட்டச்சு தெரியும், மீசையை முறுக்கத் தெரியும். சந்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் படிக்கக் கொண்டுவருவார்கள். ஆகவே எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்களோடு கள்ளுக்கடைக்குப் போய்விட்டு, சந்தின் இரண்டு பக்கச் சுவர்களையும் மாறி மாறி விசாரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். கொடிமரத்தார் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்றைக்குச் சொல்லியிருக்கிறார்? அடுப்படியிலிருந்து கரி படிந்த பானை இரண்டை எடுத்துவந்து, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கயிற்றில் கட்டி, மரத்தில் ஏற்றிவிட்டார்.

கடலில் இரண்டு கறுப்புக் குண்டுகளை மேலும் கீழுமாகத் தொங்கவிட்டால், இந்தக் கப்பல் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை, விலகிப் போங்கள் என்று அர்த்தம். கப்பல் கட்டுப்பாட்டுக்குள் வரும்வரை அவற்றை இறக்கக்கூடாது. மறுநாள் காலை பத்து மணிக்கும் நான் தூங்கிக்கொண்டிருந்ததால், அவர் நியாயப்படி, பானைகளை இறக்க முகாந்திரம் இல்லை.

அந்தப் பத்து மணிக்குத்தான் சிம்பாங் அம்பாட்டிலிருந்து எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் சந்துக்குள் நுழைந்தார்கள்.

வந்தவர்களில் ஒருவர் பெண்ணின் தாய்மாமன். மனிதர் இருபது வருடம் கப்பலில் வேலை பார்த்தவர். சந்து முனையிலேயே நின்று மேலே பார்த்தார்.

"அந்தப் பானை யாருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"எதுத்த வீட்டுக் கிராணிக்கு" என்று சந்தே ஒரே குரலில் சொல்லியிருக்கிறது.

அவர்கள் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். வாங்கிவந்த வாழைப்பழச் சீப்பைக்கூட வைக்கவில்லை. அம்மா என்னை எழுப்பி விஷயத்தைச் சொன்னபோது பானைகள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் விழித்துவிட்டேன் அல்லவா?

இரண்டு மாதம் சந்தில் சின்னப் பிள்ளைகள்கூட என்னைப் பார்த்து இரண்டு கைமுட்டியையும் மேலும் கீழுமாக வைத்துக் காட்டின. அந்த ஆத்திரத்தில்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

குளுகோர் பக்கம் அப்போது பட்டாளத்து முகாம் ஒன்று இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த சிப்பாய்கள். அங்கிருந்து ஒரு அதிகாரி எழுதுவதுபோல ஆங்கிலத்தில் எழுதினேன். 'கோட்டைக் கொடிமரத்தில் முப்பது ஆண்டுகள் தாங்கள் செய்த சேவையை அறிந்து மகிழ்ந்தோம். தாங்களும் தங்கள் துணைவியாரும் வருகிற சனிக்கிழமை மாலை எங்கள் முகாமுக்கு வந்து, ஓர் இரவு விருந்தினராகத் தங்கி, ஞாயிறு காலை கொடியேற்றத்தை மேற்பார்வையிட வேண்டுகிறோம்.' கையெழுத்தை யாராலும் படிக்க முடியாதபடி போட்டேன்; பெரிய அதிகாரிகள் அப்படித்தான் போடுவார்கள். உறையின்மேல் அரக்கை உருக்கி ஊற்றிக் கோட்டுப் பொத்தானால் முத்திரை குத்தினேன்.

தபால்காரர் கொடுத்த ஐந்தாவது நிமிடம், கொடிமரத்தார் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். வேறு யாரிடம் போவார்? நானே எழுதியதை நானே படித்து, நானே தமிழில் சொன்னேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டு நிறுத்தி மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னார்.

"துணைவியாருன்னா நான்தானா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"வேற எத்தன பேரு இருக்காங்க எனக்கு?"

"பட்டாளத்துல எத்தன பேரு இருப்பாங்க?"

"ஆயிரம் பேரு இருப்பான்."

"அப்ப ஒரு டின்னு முறுக்கு பத்தாதுங்க."

அந்த இடத்தில் எனக்கு ஏதோ செய்தது. சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன். ஆனால் அவர் என் தோளைத் தட்டி, "பாத்தியா தம்பி? கட்டுப்பாட்டுல இருக்கிற கப்பலுக்கு எங்கேயிருந்தெல்லாம் கடுதாசி வருது" என்றார். எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வாரம் சந்தே அந்த வேலையாக இருந்தது. அவருடைய பழைய வேலைக் கோட்டுக்குப் புதுப் பொத்தான் தைத்தார்கள். வண்ணார் துட்டு வாங்காமல் வெளுத்துக் கொடுத்தார். முறுக்கு சுடும் வாசனையில் ஆற்றுக்கு அந்தப்புறத்து ஜனங்களெல்லாம் இங்கே என்ன விசேஷம் என்று விசாரித்தார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு நீல வெள்ளைக் கொடியை ஏற்றிவிட்டு, ஒரு ரிக்சாவில் அவர்களும் இன்னொரு ரிக்சாவில் முறுக்கும் புறப்பட்டார்கள். யாரோ மாலை போட்டார்கள். ரிக்சா இழுத்த சீனருக்கும் ஒரு மாலை கிடைத்தது.

நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பாதி வழியில் தடுக்கத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கடைசியில் தடுக்கவும் இல்லை. முகாம் வாசலுக்கு எதிரே பெரிய அங்சானா மரம் ஒன்று இருந்தது. அதன் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கொடிமரத்தார் இறங்கினார். காவலுக்கு நின்ற சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து, இந்துஸ்தானியில் ஏதோ கேட்டான். அவர் கடிதத்தை எடுக்கக் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். விட்ட கை அங்கேயே நின்றுவிட்டது. கண் மேலே போய்விட்டது.

"ஆபத்து!" என்று கத்தினார்.

"என்னங்க ஆச்சு?"

"உதவி கேக்குறாங்க! ஆபத்துல இருக்கோம், வாங்கன்னு கூப்பிடறாங்க!"

"கப்பலாங்க? இங்க ஏது கப்பல்? புல்லுதான் இருக்கு."

"பட்டாளமே ஆபத்துல இருக்கு! கொடியப் பாரு!"

நானும் பார்த்தேன். முகாம் நடுவில் பிரிட்டிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது. அந்தக் கொடியில் மூலைக்கு மூலை போகிற வெள்ளைப் பட்டை ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் ஒடுக்கமாகவும் இருக்கும். மரத்தை ஒட்டிய பாதியில் அகலமான வெள்ளை மேலே இருக்கவேண்டும். கீழே இருந்தால் கொடி தலைகீழ். தலைகீழ்க் கொடிக்குக் கடலில் ஒரே அர்த்தம்தான்.

சிப்பாய் துப்பாக்கியை நேராக நீட்டினான். கொடிமரத்தம்மா பதறவில்லை. டின்னின் மூடியைத் திறந்து அவனுக்கு நேராக நீட்டினார். துப்பாக்கிக்கும் முறுக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்த நிலையில் உள்ளேயிருந்து ஒரு சுபேதார் ஓடிவந்தார். வெள்ளை மீசை, இரும்புக் குரல். நம் சேலத்துப் பக்கத்துக்காரர் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"யாருய்யா இங்க கூப்பாடு போடறது?"

கொடிமரத்தார் அவரையே அதட்டினார். "இங்க யாருக்கு என்ன ஆபத்து?"

"ஒரு ஆபத்தும் இல்லியே, பெரியவரே."

"அப்புறம் எதுக்கு ஆபத்துன்னு கொடி போட்டிருக்கீங்க? காலையிலேர்ந்து இப்படித் தொங்குது. ஆயிரம் பேருக்கு ரெண்டாயிரம் கண்ணு. ஒண்ணுலகூடப் படலியா?"

சுபேதார் மேலே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய மீசை நடுங்கியதை மரத்துக்குப் பின்னாலிருந்தே பார்த்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெரிய துரை முகாமைப் பார்வையிட வருகிறாராம். அன்றைக்குக் கொடி ஏற்றிய புதுச் சிப்பாய்தான் நாளைக்கும் ஏற்றவேண்டியவன்.

"நல்லவேளைங்க ஐயா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீங்க யாரு? எங்கேயிருந்து வர்றீங்க?"

கொடிமரத்தார் நிமிர்ந்து நின்று என் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

சுபேதார் படித்தார். உறையைத் திருப்பினார். பொத்தான் முத்திரையைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு புதுப் பொத்தான் வைத்த கோட்டைப் பார்த்தார், அம்மாளின் கழுத்தில் வாடிய மாலையைப் பார்த்தார், டின்களைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் கை பட்டு, சைக்கிள் மணி கிணிங் என்றது. சுபேதார் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் என்னை அப்படி வேறு யாரும் பார்த்ததில்லை.

கடிதத்தை மெதுவாக மடித்து, இரண்டு கையாலும் கொடிமரத்தாரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தோம். வாங்க ஐயா. அம்மா, அந்த டின்ன இப்படிக் குடுங்க, நான் தூக்கறேன்."

வாசல் திறந்தது. அவர்கள் உள்ளே போனார்கள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன்.

ஞாயிறு மத்தியானம் அவர்கள் திரும்பி வந்தது பட்டாளத்து மோட்டார் லாரியில். சந்தே திரண்டது. உள்ளே என்ன நடந்தது என்பதற்கு இரண்டு சரித்திரம் உண்டு. ஒன்று அவர் சொன்னது. இன்னொன்று அவர் சொல்லும்போதே அந்த அம்மாள் திருத்தியது.

"ராத்திரி படுக்கப் போறப்ப எனக்கு மரியாதையா ஊதுகுழல் ஊதுனாங்க."

"வெளக்க அணைக்கச் சொல்லி ஊதுனாங்க. இவரு கட்டில்லேர்ந்து குதிச்சு சலாம் வச்சாரு."

"பட்டாளமே வரிசையா வந்து கும்பிட்டுச்சு."

"அது முறுக்கு வாங்க நின்ன வரிசைங்க."

"ராத்திரியெல்லாம் ரெண்டு மணிக்கு ஒருதரம் காவலை மாத்துனாங்க. நான் ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போய்ச் சரிபாத்தேன்."

"ஒவ்வொரு தடவையும் அவங்க இவரைத் திரும்பக் கொண்டாந்து படுக்க வச்சாங்க."

ஒரு விஷயத்தில் மட்டும் அந்த அம்மாள் குறுக்கே பேசவில்லை. விடிகாலையில் அந்தப் புதுச் சிப்பாயைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். தண்டனைக்குப் பயந்து அவன் அழுதுகொண்டிருந்தானாம். கொடிமரத்தார் சுபேதாரிடம், "கொடியத் தப்பா ஏத்துனவனுக்கு ஒரே தண்டனைதாங்க. அவனே அத எறக்கி, அவனே சரியா ஏத்தணும்" என்றாராம். பெரிய துரை வந்தபோது அவனே ஏற்றியிருக்கிறான். அகல வெள்ளை மேலே. இவர் பக்கத்தில் நின்று கயிற்றைத் தொட்டுக்கொண்டாராம்.

"சுபேதாரு சம்சாரம் என்னைய விடவே இல்ல" என்றார் அம்மாள். "ரெண்டு வருசமா நம்ம ஊருப் பொம்பளைக்கிட்ட உக்காந்து பேசலையாம். அழுதுருச்சு, பாவம்."

கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். வாசலுக்கு நேரே, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் படித்துக் காட்ட என்னைத்தான் கூப்பிடுவார். அரிசிக் கடைக்காரருக்குப் படித்தேன். மருமகனுக்குப் படித்தேன். ஒரு தடவை தபால்காரருக்கே படித்தேன். ஒவ்வொரு தடவையும் 'துணைவியாரும்' என்ற இடம் வரும்போது அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொள்வார். என் பழிக்கு அவர்கள் மாலை போட்டு வைத்திருந்தார்கள். நான் வாரத்துக்கு மூன்று முறை அதற்குப் பூசை செய்தேன்.

ஒரு வருடம் போயிற்று. அதே மாதம் வந்தது. ஒருநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது பார்த்தேன். நீல வெள்ளைக் கொடி ஏறியிருந்தது. கோட்டு வேலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"எங்கய்யா பயணம்?" என்றேன்.

"இந்த வருசக் கடுதாசி வரணும்ல? வந்ததும் கெளம்பறதுதான். முறுக்குக்கு மாவு இடிச்சாச்சு."

மறுநாளும் அந்தக் கொடி இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. தபால்காரர் சந்து முனையில் திரும்பும்போதெல்லாம் கொடிமரத்தார் எழுந்து நிற்பார். அவர் கடந்து போனதும் உட்காருவார். எட்டாம் நாள், "அதிகாரிகளுக்கு ஆயிரம் சோலி" என்று தானே சொல்லிக்கொண்டார். பால்காரர் எட்டு நாளாக அந்த வீட்டில் பால் ஊற்றவில்லை. புறப்படத் தயாரான கப்பலுக்கு எதற்குப் பால் என்று அவர் நினைத்திருக்கிறார்.

அன்று ஆபீசில் தட்டச்சுப் பொறியில் நல்ல காகிதமாகச் சொருகி உட்கார்ந்தேன். இரண்டாவது கடிதம். முதல் வரியையும் அடித்துவிட்டேன். இன்னும் நான்கு வரி அடித்தால் அவர் சந்தோஷப்படுவார். ஆனால் அந்த வருடம் வாசலில் யார் நிற்பார்கள்? கொடி நேராக இருந்தால் அவரை எதற்கு உள்ளே விடுவார்கள்? காகிதத்தை உருவிக் கிழித்தேன். நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஐயா, அந்தக் கடுதாசி நான் எழுதினது."

"நீ படிச்சது."

"படிச்சதும் நான்தான். எழுதினதும் நான்தான். பானை கட்டுன கோவத்துல எழுதினேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அந்த சுபேதாரு?" என்றார் கடைசியில்.

"அவரு நெசந்தான்யா."

"கொடி தலைகீழா இருந்தது?"

"அதுவும் நெசந்தான். அதுல எனக்கு ஒரு சம்பந்தமும் இல்ல."

"அது நான் பாத்தது."

"நீங்க பாத்ததுதாங்க ஐயா. உங்களத் தவிர யாரும் பாக்கல."

எழுந்துபோய்ச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். என்னிடம் நீட்டினார்.

"உன் பொருளு. எடுத்துட்டுப் போ."

பிறகு வெளியே வந்து நீல வெள்ளைக் கொடியை இறக்கி, நான்காக மடித்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த நாள் மரம் வெறும் மரமாக நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரு மாதம் இப்படியே போயிற்று. சந்தில் எதுவும் சரியாக நடக்கவில்லை. யார் வீட்டில் காய்ச்சல், யாருக்குக் கோபம் என்று தெரியாமல் ஜனங்கள் ஒருவரை ஒருவர் வாயால் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டதில் இரண்டு சண்டை வந்தது. எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

பரிகாரம் தேடி முதலில் முகாமுக்குப் போனேன். சுபேதார் காலில் விழுந்தாவது உண்மையான கடிதம் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்பது என் திட்டம். அந்தப் பட்டாளம் கப்பலேறி நான்கு மாதம் ஆகிவிட்டது என்றார்கள். வாசலில் வேறு சிப்பாய். கொடியைப் பார்த்தேன். நேராக இருந்ததா, தலைகீழா என்று எனக்குத் தெரியவில்லை.

குழாயடியில் கொடிமரத்தம்மாவைப் பார்த்து, "அவர்கிட்ட நேர்ல போய் மன்னிப்புக் கேக்கட்டுமாம்மா?" என்றேன்.

"வாயால கேட்டா அவருக்கு எப்படி ஏறும் லா?" என்றார் குடத்தைத் தூக்கியபடி. "முப்பது வருசமா அவருக்குக் காது சும்மா அழகுக்கு. எல்லாம் கண்ணுதான், தம்பி."

அன்று இராத்திரி முழுவதும் யோசித்தேன். கடலில் எல்லாவற்றுக்கும் கொடி உண்டு, மன்னிப்புக்குக் கிடையாது. எனக்குத் தெரிந்த கொடி ஒன்றுதான். மறுநாள் பாசார்க் கடையில் ஒரு சின்ன பிரிட்டிஷ் கொடி வாங்கினேன். மூங்கில் கழி ஒன்றை எங்கள் வீட்டு முன்னால் நட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு, சந்தே பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கொடியைத் தலைகீழாகக் கட்டி ஏற்றினேன். படியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஏறக்குறைய நாற்பது நாளாகச் சாத்தியிருந்த எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கொடிமரத்தார் சந்தைத் தாண்டி வந்து, என் மூங்கிலின் கீழே நின்று, மேலே பார்த்தார்.

"என்னடா இது?"

"ஆபத்துங்க ஐயா. உதவி வேணும்."

"எங்கடா ஆபத்து?"

"தலைகீழாக் கட்டியிருக்கேனே."

"இதுவா தலைகீழு? அகல வெள்ள எங்க இருக்கு?"

பார்த்தேன். "மேலங்க."

"மேல இருந்தா நேரா இருக்குன்னு அர்த்தம்டா, மடையா! ஊருல யாருக்கும் ஒரு கொறையும் இல்ல, ராஜா சொகமா இருக்காருன்னு போட்டுவச்சிருக்க! அந்தப் பட்டாளத்தானுக்காவது தப்பாக் கட்ட வந்துச்சு. உனக்குத் தப்பாக் கட்டக்கூட வரல. இவன் கடுதாசி எழுத வந்துட்டான்!"

சந்து சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், கண் மறைத்தது.

அவர் கொடியை இறக்கினார். முடிச்சை அவிழ்த்துத் துணியை என் கையில் போட்டார். "நீயே கட்டு. அகல வெள்ள கீழ" என்றார். கட்டினேன். நானே ஏற்றினேன். அவர் பக்கத்தில் நின்று கயிற்றைத் தொட்டுக்கொண்டார்.

"இப்ப சரி. இப்பத்தான் நீ ஆபத்துல இருக்க. போலீஸ்காரன் வர்றதுக்குள்ள எறக்கிடு."

திரும்பி நடந்தார். எதிர்வீட்டு மரத்தடியில் கொடிமரத்தம்மா கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். சிவப்பும் வெள்ளையுமான நீளக் கூர்க்கொடி பாதி மரத்தில் ஏறி நின்றது. பார்த்துவிட்டேன். அவ்வளவுதான். அதற்குமேல் அந்த அம்மாள் ஏற்றவில்லை. கயிற்றைப் புருஷனிடம் நீட்டினார்.

அவர் வாங்கிக்கொண்டு என் மூங்கிலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, முப்பது வருடப் பழக்கத்தில் கைமேல் கை போட்டு, நிதானமாக, அதை உச்சிவரை ஏற்றினார்.

அதற்குள் காற்று விழுந்துவிட்டிருந்தது. அந்தக் கொடி மரத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். எனக்கு மட்டும் அது இன்றுவரை படபடவென்று பறந்துகொண்டே இருக்கிறது.